நடுநிலைச் சர்பத்

மத நல்லிணக்கத்துக்கு இப்போது பயிற்சிப் பட்டறை வைக்கிறார்கள். ஒரு மண்டபம், ஒரு திரை, மத்தியானம் சோற்றுப் பார்சல், முடிவில் எல்லாரும் நின்று ஒரு படம். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அண்மையில் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து கதைக்கவேணும். எல்லா மதக்காரருக்கும் நடுவிலை நிண்டு வேலை செய்த அனுபவம் உங்களுக்குத்தானே இருக்கு" என்றார்.

"தம்பி, எனக்கு இருக்கிற அனுபவம் வயித்தோட்டத்தைப் பற்றினது. சோத்துப் பார்சலுக்கு முன்னம் அதைக் கதைக்க ஏலாது" என்றேன். அவர் விடவில்லை. எழுதியாவது தாருங்கள் என்றார். அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு வாசிப்பது நல்லது.

நான் சரவணை என்ற தீவுப்பகுதி ஊரில் பிறந்தவன். அப்பா தெற்கில் ஒரு சின்னப் பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறைகளில் அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து, பருப்பும் கருவாடும் வாங்க வருகிறவர்களிடம் சிங்களம் படித்தேன். பிற்காலத்தில் சம்பளத்துக்குச் செய்த வேலையில் பாதி அந்தச் சிங்களத்தால்தான் ஓடியது. நானும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து இளைப்பாறியவன்தான். அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் வேண்டும், இறைச்சிக் கடையில் முதலில் எதைப் பார்க்கவேண்டும், நுளம்புக் குடம்பி தண்ணீரில் எப்படி நெளியும் என்றெல்லாம் சொல்லித்தந்தார்கள். தண்ணீரில் மருந்து போட வருகிறவனைக் கண்டதும் ஊர்ப் பெரியவர் நெளிந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைப் பிறகு எங்கள் டொக்டர் அம்மாவிடம் படித்தேன்.

டொக்டர் அம்மா எங்கள் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி, வடமராட்சிக்காரி. சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. எங்கே போனாலும் கொதித்தாறிய தண்ணீரைத் தன் போத்தலில் கொண்டுபோவார். கலியாண வீடானாலும், அமைச்சர் வரும் கூட்டமானாலும், கொடுக்கிறதைக் கையில் வாங்கிச் சிரித்துக்கொண்டு நிற்பார், வாயில் வைக்கமாட்டார். அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் "நினைக்கிறன்". நான் வேலைக்கு வந்த புதிதில், "இந்தக் கிணறு பழுதில்லையெண்டு நினைக்கிறன் டொக்டர்" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நினைக்கிறதைக் கோயிலிலை போய் நினையும். இஞ்சை வந்து பாத்ததைச் சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு நான் வீட்டிலும் அந்தச் சொல்லைச் சொல்லப் பயப்பட்டேன்.

ஒருமுறை ஒரு கோயில் தீர்த்தக் கிணற்றுக்கு குளோரின் தூள் போடப் போனோம். அதற்கொரு முறை இருக்கிறது. தூளை நேரே கொட்டக்கூடாது. கிணற்றின் தண்ணீரைக் கணக்குப் பார்த்து, தூளை வாளியில் பசைபோலக் கரைத்து, தண்ணீர் விட்டு, அடையவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் எடுத்து, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் இழுத்துக் கலக்கவேண்டும். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துத் துளி விட்டால் மஞ்சள் காட்டவேண்டும். நான் வாளியோடு நிற்க, கோயில்காரர் குறுக்கே வந்து நின்றார். தீர்த்தத்துக்கு மருந்து போடுவது தெய்வக் குற்றம் என்றார்.

டொக்டர் அம்மா அவரிடம், "ஐயா, இந்தத் தீர்த்தம் வருத்தத்தை மாத்தும்தானே?" என்று கேட்டார்.

"ஓம், அதிலை என்ன சந்தேகம்?"

"திருவிழாவுக்கு எத்தினை சனம் வருகுது! ஒரு தீர்த்தம் எத்தினை பேரைப் பாக்கிறது? இந்தத் தூள் கூடமாட நிண்டு உதவி செய்யட்டும்" என்றார். அவர் வழி விட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவானுக்குப் போகும் வீதியில் ஒரு சந்தி. சந்தியின் ஒரு பக்கம் அம்மன் கோயில். மறுபக்கம் ஒரு கடற்படை முகாம், முகாமை ஒட்டி ஒரு சின்ன விகாரை. ஊரின் பெயரை எழுதவில்லை. அந்த வீதியில் சந்திகளுக்குக் குறைவில்லை.

விகாரை வந்த விதம் ஊருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. காணிக்காரர் வெளிநாட்டில். இங்கே ஒரு பௌத்தக் குடும்பமும் இல்லை. அரச மரத்தடியில் எங்களுக்குப் பிள்ளையார் இருப்பார், அவர்களுக்குப் புத்தர் இருப்பார். அதனால் மரத்தோடு ஒருவருக்கும் கோபமில்லை. மரத்தைச் சுற்றி வந்த வேலி வருஷத்துக்கு வருஷம் வெளியே நகர்ந்ததுதான் கோபம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அங்கே அனுப்பப்பட்ட பிக்கு ஓர் இளம் பொடியன். வேலியை நகர்த்தியது அவரல்ல. அவருக்கு அந்த ஊரில் கதைக்கவும் ஆளில்லை. முகாமில் ஆட்கள் குறைந்த பிறகு காலையில் தானம் கொண்டுவரவும் ஆளில்லாமல் போயிற்று. பிக்கு தானே சமைக்கக்கூடாது, ஒருவர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், அதையும் மத்தியானத்துக்கு முன் சாப்பிட்டு முடிக்கவேண்டும்.

கொண்டுபோய்க் கொடுத்தவள் பரமேஸ்வரி. அம்மன் கோயில் அன்னதான மடத்தில் சமைக்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. மடத்துக் குசினிதான் அவளுக்கு ஊரில் இருக்கிற இடம். காலையில் சோறும் இரண்டு கறியும் கட்டிக்கொண்டு வீதியைக் கடந்து போய் வைத்துவிட்டு வருவாள். ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"என்ரை கறியிலை குறை சொல்லாமல் சாப்பிடுற ஒரே ஆள் அவர்தான் அண்ணை" என்றாள். "குறை சொல்ல அவருக்குத் தமிழ் தெரியாது."

ஒரு வருஷம் கோயில் திருவிழாவும் பௌத்தர்களின் பொசன் பௌர்ணமியும் ஒன்றாக வந்தன. நயினாதீவிலும் அம்மன் கோயில், விகாரை இரண்டும் உண்டு. அங்கே போகிற இரு மதத்துச் சனமும் அந்தச் சந்தியால்தான் போகும். அதற்கு முந்திய வருஷம் கோயில் ஒரு தண்ணீர்ப்பந்தலும் விகாரை ஒரு தண்ணீர்ப்பந்தலும் போட்டு, நாதஸ்வரமும் பிரித் ஓதலும் எதிரெதிர் ஒலிபெருக்கியில் மோதி, தாகத்துக்கு நின்ற சனம் காதைப் பொத்திக்கொண்டு போனது. ஆகவே இந்த முறை எல்லாருக்கும் பொதுவாக ஒரே பந்தல் என்று முடிவாகி, அதற்கென ஒரு சர்வமதக் குழு உண்டாயிற்று. குருக்கள், பிக்கு, பாதர், மௌலவி, கோயில் சபைத் தலைவர் நடராசா அண்ணை, செயலாளராக இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவர். மடத்து அன்னதானமும் விகாரை கொடுக்கிற கடலைச் சுருளும் பழையபடி அவரவர் பக்கத்தில்.

முதல் கூட்டத்துக்கு நானும் போனேன். பிக்குவின் கதிரைக்கு வெள்ளைத் துணி விரிப்பது வழக்கம். நடராசா அண்ணை, குருக்களின் கதிரைக்கும் விரிக்கவேண்டும் என்றார். பாதரும் மௌலவியும் தங்கள் கதிரைகளைக் குனிந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். மண்டபத்து யன்னல் சீலைகளைக் கழற்றி எல்லாக் கதிரைக்கும் விரித்தார்கள். பிறகு கூட்டம் முடியும்வரை வெயில் செயலாளரின் முகத்தில் அடித்தது.

அடுத்த கேள்வி, யாருடைய கிணற்றுத் தண்ணீர்? கோயில் கிணறும் நல்ல தண்ணீர், விகாரைக் கிணறும் நல்ல தண்ணீர். இரண்டுக்கும் நானே மருந்து போட்டுப் பார்த்திருந்தேன், அதைக் கூட்டத்திலும் சொன்னேன். அதுதான் கரைச்சலாகிவிட்டது. ஒன்று கெட்டிருந்தால் மற்றதை எடுத்திருப்பார்கள். இரண்டும் நல்லதென்றபடியால் எதை எடுத்தாலும் மற்றவருக்கு அவமானம். நான் வராத அடுத்த கூட்டத்தில் செயலாளர் வழி கண்டுபிடித்தார். இரண்டும் வேண்டாம், வெளியிலிருந்து நடுநிலையான தண்ணீர் எடுப்போம் என்றார். எல்லாருக்கும் அது பிடித்தது. தண்ணீர் பவுசர் வண்டியில் வந்தது, அதில் பிழையில்லை. சர்பத்துக்கு ஐஸ் எடுக்க லொறி போனது. பொசன் விடுமுறை, குடிக்கிற ஐஸ் செய்கிற இடம் பூட்டு. லொறிக்காரர் வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கரையில் ஒரு மீன் வாடிக்குப் போய், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை ஏற்றிக்கொண்டு வந்தார். நடுநிலையான ஐஸ்தான். அதில் ஒரு மதமும் இல்லை, பல சாதி மீன் மட்டும் இருந்தது.

திறப்பு விழாவன்று நான் குறிகட்டுவான் இறங்குதுறையில் சாப்பாட்டுக் கடைகளைப் பார்க்கப் போயிருந்தேன். நடந்ததை டொக்டர் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். சர்பத்தை யார் முதலில் குடிப்பது என்று கேள்வி வந்ததாம். நாட்டுச் சட்டப்படி பௌத்தத்துக்கு முதலிடம் என்று ஒருவர் சொல்ல, நிற்பது அம்மன் வீதி என்று நடராசா அண்ணை சொல்ல, செயலாளர் இருவரையும் அமர்த்தி, நாலு புதுப் பேணிகளில் ஊற்றி, நாலு பேரும் ஒரே நேரத்தில் குடிப்பது என்று தீர்த்துவைத்தாராம். பிக்குவுக்கு மத்தியானத்துக்குப் பிறகு கடிக்கிறது ஒன்றும் ஆகாதென்றபடியால் அவருடையதில் மட்டும் கசகசாவை வடித்தார்களாம்.

குருக்களுக்கு வேறு சிக்கல். கொடியேறினால் குருக்களின் கையில் காப்புக் கட்டுவார்கள். அதை அவிழ்க்கும்வரை வெளியில் ஒன்றும் உண்ணவோ பருகவோ கூடாது. தன் வீட்டில் சமைத்ததை ஒருநேரம் மட்டும். ஆகவே பேணியைப் படத்துக்காக உயர்த்திப் பிடிப்பார், குடிக்கமாட்டார் என்று முன்னமே பேச்சு. செயலாளர், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணினாராம். பேணிகள் உயர்ந்தன. டொக்டர் அம்மாவும் தனக்குத் தந்ததை உயர்த்தி, சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அடுத்த நாள் ஊர் முழுக்க வயிறு கழிந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் பாய் விரிக்க இடமில்லை. உயிர்ச்சேதம் இல்லை, அது அம்மன் புண்ணியம். புத்தர் புண்ணியமென்றும் சொல்லலாம், நான் நடுவில் நிற்கிறவன். ஆனால் பேஸ்புக்கில் வேறு கதை ஓடியது. கனடாவிலிருந்து ஒருவர், விகாரைக் கடலையில் நஞ்சு என்று எழுதினார். தெற்கிலிருந்து ஒருவர், யாத்திரை வந்த பௌத்தர்களுக்குக் கோயில் சோற்றில் நஞ்சு என்று எழுதினார். இருவரும் சந்திக்கு வந்ததில்லை, அதனால் அவர்களுக்கு வயிறு நல்லாயிருந்தது.

நடராசா அண்ணைக்கு மூன்றாவது விளக்கம் இருந்தது. எல்லாரும் மடத்துச் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். மடத்தில் சமைத்தவள் நாள்தோறும் விகாரைக்குப் போய்வருகிறவள். கோயில் பாத்திரத்தை அங்கே கொண்டுபோய், அங்குள்ள வருத்தத்தை இங்கே காவிக்கொண்டு வந்துவிட்டாள். ஆகவே அவளை மடத்துக் குசினிக்குள் இனி எடுக்கக்கூடாது. அன்று பின்னேரமே குசினிக் கதவுக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டார். பரமேஸ்வரி மடத்துப் படியில் சாக்கை விரித்து இருந்தாள். அழவில்லை. "பழுதாய்ச் சமைச்சனான் எண்டு சொன்னால் நான் ஊரிலை எந்த வாசலிலை போய் நிப்பன் அண்ணை?" என்று மட்டும் கேட்டாள்.

வருத்தம் எதிலிருந்து வந்தது என்று பிடிக்க ஒரு வழிதான். வருத்தம் வந்தவர் என்ன சாப்பிட்டார், வராதவர் என்ன சாப்பிட்டார், வீடு வீடாகக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நான் கேட்டேன். எல்லாரும் பொய் சொன்னார்கள். விகாரைப் பக்கமே போகவில்லை என்றவர்களின் முற்றத்தில் விகாரைக் கடலைச் சுருள் கிடந்தது. விரதம் என்றவர்கள் வயிறு நிறைந்த ஏவறை விட்டார்கள்.

டொக்டர் அம்மாவிடம் போய், "ஒருத்தரும் உண்மை சொல்லினமில்லை" என்றேன்.

"நீர் பிழையாய்க் கேக்கிறீர்" என்றார். "தன்னைப் பற்றிக் கேட்டால் ஆர் சொல்லுவினம்? பக்கத்து வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டவர் எண்டு கேளும்."

அதற்குப் பிறகு வேலை தேர்போல ஓடியது. கதிரை போட்டார்கள், தேத்தண்ணி ஊற்றினார்கள். யார் எந்தப் பந்தியில் இருந்தார், எத்தனை தரம் சோறு கேட்டார், எதை மடியில் கட்டினார் எல்லாம் வந்தது. நடராசா அண்ணை விகாரைக் கடலை இரண்டு சுருள் சாப்பிட்டு, மூன்றாவதைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு போனதை நாலு வீட்டில் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாயிற்று. மடத்துச் சோறு மட்டும் சாப்பிட்ட கிழடுகள் சில பேர் கல்லுப்போல இருந்தார்கள். சர்பத் குடித்தவர்கள்தான் படுத்தார்கள்.

மதத் தலைவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கப் போனேன். பிக்குவின் கண் குழிவிழுந்திருந்தது. சிங்களத்தில்தான் கதைத்தோம். சர்பத்தில் ஒரு மணம் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். "நான் முன்பு தமிழ்ச் சர்பத் குடித்ததில்லை. இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மீதி வைத்தால் மரியாதையில்லை" என்றார்.

மௌலவி, "விகாரையிலை ஏதோ மூலிகை போட்டிருக்கினம் எண்டு நினைச்சன்" என்றார். பாதர், மௌலவியின் ஆட்கள்தான் கலந்தார்கள் என்று எண்ணி மூச்சுப் பிடித்துக் குடித்திருக்கிறார். நாறுகிற சர்பத்தை மூன்று மதமும் மற்ற மதத்தின் வழக்கமென்று மதித்து விழுங்கியிருக்கின்றன. என் சேவைக் காலத்தில் இதைவிடப் பெரிய நல்லிணக்கத்தை நான் கண்டதில்லை.

அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு சந்திக்குப் போனேன். பந்தலின் பீப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மரத்தூளும், பளபளவென்று மீன் செதிலும். லொறிக்காரர் ஒளிக்கவில்லை. "ஐஸ் கொண்டு வா எண்டவை, கொண்டு வந்தனான். எதுக்கெண்டு சொல்லேல்லையே" என்றார்.

இவ்வளவும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பீப்பாவை ஏற்கனவே அரைகுறையாகக் கழுவிவிட்டார்கள், சோதிக்கச் சர்பத் இல்லை. வருத்தக்காரரின் ஆய்வுகூட முடிவு வர நாளாகும். சோறு மட்டும் சாப்பிட்ட கிழடுகளைக் காட்டினால், "அவை கறியைத் தொடாத சனம்" என்று நடராசா அண்ணை தட்டிவிடுவார். பரமேஸ்வரியின் சமையலை வாயில் வைக்காமல், சர்பத்தை மட்டும் குடித்து, வருத்தம் வந்த ஒருவர் வேண்டும். வெளியூர்ச் சனம் போய்விட்டது. ஊரில் அப்படி ஒரே ஒருவர்தான் இருக்கமுடியும். மடத்துச் சோற்றை ஒருநாளும் தொடாத, தன் வீட்டுச் சமையல் தவிர வேறொன்றும் உண்ணாத குருக்கள்.

அவர் குடித்தாரா? மௌலவியிடம் வழக்கப்படி பக்கத்தவரைப் பற்றிக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "குருக்களையா ரெண்டாம் தரமும் பேணியை நீட்டினவர்" என்றார். சோளகக் காற்று வெக்கையில், பூசை முடித்து வெறும் மேலோடு நின்ற மனுசன். நான் குருக்களின் வீட்டுக்குப் போனேன். முகம் வாடி, குரல் கம்மியிருந்தது. பூசையும் சுருக்கமாக நடந்ததென்று கேள்விப்பட்டிருந்தேன். உடம்பு எப்படி என்றேன்.

"விரதமல்லோ, அதுதான் களை" என்றார். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். நான் வற்புறுத்தவில்லை. காப்போடு வெளியில் குடித்தேன் என்று சொன்னால் திருவிழாவை விட்டு விலகவேண்டும். தேருக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க அந்தத் தேரை உள்ளே நின்று நடத்தியவர்.

"நான் கூட்டத்திலை சொல்லிவிடட்டோ டொக்டர்? மௌலவி கண்டவர்" என்றேன்.

"வேண்டாம். மற்றவை சொன்னால் அது கதை. வருத்தக்காரன் தன்ரை வாயாலை சொன்னால்தான் சான்று. அந்த மனுசனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடும்" என்றார்.

கூட்டம் அதே மண்டபத்தில், அதே சீலை விரித்த கதிரைகளில். பரமேஸ்வரி வாசலில் நின்றாள். நடராசா அண்ணை தன் விளக்கத்தைச் சொன்னார். நடுவில் ஒருதரம் அவசரமாக வெளியே போய் வந்து தொடர்ந்தார். டொக்டர் அம்மா, சர்பத்துக்குப் போட்ட ஐஸில்தான் சந்தேகம் என்று சொல்லி, சர்பத் குடித்தவர்களில் யாருக்கு வருத்தம் என்று கேட்டார். முதலில் எழுந்தது பிக்கு. அவருக்குத் தெரிந்த தமிழில், "எனக்கு வயிறு சரி இல்லை. நிறைய" என்றார்.

"பாத்தீங்களோ? காலமையிலை அவளின்ரை சோறு சாப்பிட்டவர்" என்றார் நடராசா அண்ணை.

பாதர் கையை உயர்த்தினார். மடத்தில் இரண்டு பந்தியில் இருந்தவர். மௌலவி உயர்த்தினார். அவரும் மடத்தில் சாப்பிட்டவர்தான். மரக்கறி என்றபடியால் நம்பிச் சாப்பிடுவார். ஒவ்வொருவரும் அவளைக் காப்பாற்ற எண்ணிச் சொல்லச் சொல்ல, அவள் கழுத்தில் சுருக்கு இறுகியது. நடராசா அண்ணை விரல் மடித்து எண்ணினார். டொக்டர் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குருக்களைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன்.

குருக்கள் எழுந்தார். கதிரையில் விரித்த சீலை அவருடைய வேட்டியோடு சேர்ந்து வந்தது. அதை எடுத்துவிட்டு, "எனக்கும்தான்" என்றார்.

"என்ன ஐயா எனக்கும்?" என்றார் நடராசா அண்ணை.

"சர்பத் குடிச்சனான். எனக்கும் வயித்தோட்டம். நான் இவளின்ரை சமையலை ஒருநாளும் வாயிலை வைச்சதில்லையெண்டு உமக்குத் தெரியும்தானே. அப்ப பிழை சோத்திலை இல்லை."

"ஐயா, கையிலை காப்போடை..."

"ஓம். தாகமாயிருந்தது, குடிச்சுப்போட்டன். அம்பாளுக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டன். உங்களுக்குத்தான் சொல்லேல்லை."

பிக்கு என்னைப் பார்த்தார், நான் மெதுவாகச் சிங்களத்தில் சொன்னேன். அவர் குருக்களைப் பார்த்துத் தலை குனிந்தார். பிக்குமார் மற்றவர்களுக்குத் தலை குனிவதில்லை என்பார்கள். அன்று குனிந்தார், நான் பார்த்தேன்.

நடராசா அண்ணை மடத்துப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி அவசரமாக வெளியே போனார். அவரும் கெட்ட மனுசனில்லை. ஊரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று பார்க்க மறந்துவிட்டார். பிறகு குருக்கள் டொக்டர் அம்மாவிடம், "அது எங்கத்தை ஐஸ் பிள்ளை?" என்று கேட்டார். டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். "அது விசாரணையிலை இருக்கு ஐயா" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத அந்த மனுசி சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். பிரயோசனமில்லை. குருக்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, "குடிக்கேக்கையே வாடை வந்தது. பிக்குவின்ரை பக்கத்துச் சாமானாக்கும், அவைக்கு மீன், மச்சம் பறவாயில்லைத்தானே எண்டு நினைச்சன்" என்றார்.

திருவிழாவை வேறொரு குருக்கள் வந்து முடித்தார். தேரன்று எங்கள் குருக்கள் சனத்தோடு சனமாக வெளிவீதியில் நின்று வடம் பிடித்தார். எனக்கு அதைப் பார்க்க மனம் பாரமாகிவிட்டது. பக்கத்தில் போய் நின்றேன். "உள்ளை நிண்டால் தேரின்ரை முகம் தெரியாது காணும். வெளியிலை நிண்டு பாக்க நல்ல வடிவு" என்றார். பிராயச்சித்தம் முடித்துப் பிறகு பழையபடி பூசைக்கு வந்தார்.

பரமேஸ்வரி மடத்து அடுப்பைப் பற்றவைத்த அன்று என்னிடம் ஒன்று சொன்னாள். "இவ்வளவு காலமும் ஐயா என்ரை கையாலை ஒரு மிடறு தண்ணிகூட வாங்கிக் குடிக்கேல்லை. அது எனக்குப் பெரிய மனவருத்தம் அண்ணை. கடைசியிலை பாருங்கோ, அதாலைதான் நான் தப்பினனான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வருஷமும் குழு கூடியது. வேலி அப்போதும் ஓரடி வெளியே வந்திருந்தது. அதற்கு வேறு கூட்டம், வேறு சண்டை, இன்னும் நடக்கிறது. தண்ணீர் விஷயத்தில் டொக்டர் அம்மா கண்டிப்பாகச் சொன்னார்: ஐஸ் கூடாது, எந்தக் கிணறென்றாலும் கொதித்தாறிய தண்ணீர். அப்படியானால் கொதிக்கவைப்பது யார் என்று செயலாளர் கேட்டு, அடுத்த சண்டைக்குத் தயாராகப் பேனையை மூடினார். பிக்கு, "பரமேஸ்வரி அக்கா" என்றார். பாதர், மௌலவி, நடராசா அண்ணை எல்லாரும் தலையாட்டினார்கள். கோயில் தண்ணீரும் விகாரைத் தண்ணீரும் ஒரே கிடாரத்தில் கொதித்தன.

அந்த வருஷம் பொசன், கோயிலில் கொடியேற முன்னமே வந்துவிட்டது. குருக்களின் கையில் காப்பில்லை. இருந்தாலும் படத்துக்குப் பேணியைத் தூக்கிப் பிடிப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் நேரே கிடாரத்தடிக்குப் போய், பரமேஸ்வரிக்கு முன்னால் பேணியை நீட்டினார். அவள் அகப்பையோடு நின்றுவிட்டாள்.

"கொதிச்ச தண்ணிதானே?" என்றார்.

"ஓம் ஐயா. ஆனால் யோசிச்சுக் குடியுங்கோ. இனி உங்களுக்கு வயித்துக்குள்ளை ஏதும் வந்தால் எனக்குச் சாட்சி சொல்ல ஊரிலை ஆளில்லை."

குருக்கள் சிரிக்கவில்லை. அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பேணியை மறுபடி நீட்டி, "இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை" என்றார்.